மறுவாழ்வு முகாம் பிள்ளைங்களோட மேல்படிப்பு, வேலை: விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

பாலக்கோட்டுக்காரி எழுதியது:

வணக்கம்ங்க. நான் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) ரெண்டாம் வருஷம் படிக்கறேன். இப்ப கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒரு தொண்டு நிறுவனத்துல களப்பணி. அணைக்கட்டு ஓரமா இருக்கற ஒரு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்ல, பத்தாவதுக்கு மேல படிக்கற பிள்ளைங்களுக்கு மேல்படிப்பு, வேலை பத்தி வழி சொல்லித் தரணும். அதான் எனக்குக் குடுத்த வேலை. இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. முகாம் பேரு வேணாம், அந்த வீட்டுப் பேரும் வேணாம்.

எங்க ஊர்லருந்து தும்பலஅள்ளி அணை தூரமில்ல. அங்கயும் முகாம் இருக்கு. சின்ன வயசுல அந்தப் பக்கம் பஸ்ல போயிருக்கேன், ஒருநாளும் உள்ள போனதில்ல. இந்த வயசுல, அதுவும் ஒரு ரெக்கார்டு நோட்டோட போகும்போதுதான் தெரியுது, எனக்கு இவங்களைப் பத்தி ஒண்ணுமே தெரியலைன்னு.

விஷயத்துக்கு வரேன். ஒரு வீடு. அண்ணன், தங்கச்சி. அண்ணன் அரசுப் பொறியியல் கல்லூரியில மெக்கானிக்கல் முடிச்சு மூணு வருஷம் ஆச்சு. ஓசூர்ல ஒரு கம்பெனி இன்டர்வியூல பாஸ். எழுத்துத் தேர்வு, நேர்முகம் எல்லாம் முடிஞ்சு, கடைசியா சான்றிதழ் பார்க்கற அன்னைக்கு 'குடியுரிமை'ங்கற இடத்துல இலங்கைன்னு எழுதியிருக்கான். "மேல கேட்டுச் சொல்றோம்"னு அனுப்பிட்டாங்க. அதுக்கப்பறம் போன் வரல. இப்ப பெயின்ட் வேலைக்குப் போறான். நான் போன அன்னைக்குக் கை கழுவிட்டு வந்துதான் உக்காந்தான். நகக்கண்ணுல பிரைமர் வெள்ளை போகவே இல்ல. அதை மறைச்சு மறைச்சுப் பேசினான்.

தங்கச்சி பன்னெண்டாவதுல 548 மார்க். உயிரியல் எடுத்தவ. முதல் வாரம் அவளைப் பார்த்தப்ப நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். "இவ்வளவு மார்க் வாங்கியிருக்கியே, கண்டிப்பா டாக்டராகலாம்"னு சொல்லிட்டேன். சொன்னப்ப அவ முகம் எப்படி இருந்துச்சுன்னு இன்னமும் கண்ணுல நிக்குது. ரெண்டு நாள் கழிச்சு ஆபீஸ்ல அக்கா ஒருத்தங்க சொன்னாங்க, மருத்துவக் கலந்தாய்வுக்கு இந்தியக் குடியுரிமை வேணும், முகாம் பிள்ளைங்க போக முடியாதுன்னு. திரும்பப் போய் அவகிட்ட நான்தான் சொன்னேன். ஒண்ணும் பேசல. புத்தகத்தை எல்லாம் ஒரு அரிசிச் சாக்குல போட்டுப் பரண்ல ஏத்திட்டா.

அவங்க பாட்டி திருகோணமலைக்காரங்க, 1990ல வந்தவங்க. அவங்க கேட்டதுதான் என்னைத் தூங்க விடல. "நீங்கள் சொல்லுறது சரி பிள்ளை. தமையன் இஞ்சினியருக்குத்தானே படிச்சவன்? இப்ப பெயின்ட் வாளி தூக்கிறான். இவள் படிச்சு எதைத் தூக்கப் போறாள்?"

பக்கத்து வீட்ல ஒன்பதாவது படிக்கற பையன் இதே கணக்கைப் போட்டு, சனி ஞாயிறு சித்தப்பாவோட வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டான். கையில காசு வந்தப்பறம் திங்கக்கிழமையும் பள்ளிக்கூடம் போறதில்ல.

என் கேள்வி இதுதான். எதெது இவங்களுக்கு முடியும், எதெது முடியாது? முடியாததை எப்படிச் சொல்றது? சொல்லாம இருந்தா பொய், சொன்னா படிப்பை விட்டுடறாங்க. அனுபவம் உள்ளவங்க தயவுசெஞ்சு எழுதுங்க.

---

கரும்பலகை எழுதியது:

அம்மா, நான் தர்மபுரி மாவட்டத்துல மேல்நிலைப் பள்ளியில 22 வருஷம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். என் வகுப்பிலே முகாம் பிள்ளைகள் பல பேர் படித்திருக்கிறார்கள். நீங்கள் செய்த தப்பை நானும் செய்திருக்கிறேன், ஒரு தடவை அல்ல.

முதலில் அந்தப் பெண்ணுக்கு. பொறியியல் கலந்தாய்வில் இலங்கைத் தமிழர் முகாம் மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். அதற்கென்று தனிச் சான்றிதழ் உண்டு, இணையத்தில் பதிவேற்ற வேண்டும். ஆனால் பொதுப் பிரிவில்தான் வைப்பார்கள், இட ஒதுக்கீடு கிடையாது. அதனால் 548 என்ற மொத்தத்தை வைத்துக் கனவு காணாமல், கணக்கு, இயற்பியல், வேதியியல் கட்-ஆஃப் எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். அவள் கணக்கும் உயிரியலும் சேர்ந்த பிரிவா, வெறும் உயிரியலா என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பொறுத்து எல்லாமே மாறும். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. என்பதும் குறைவான படிப்பு அல்ல. மாநில அரசு 2021 ஆகஸ்டில் முகாம்களுக்காக 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தபோது கல்வி உதவித்தொகையையும் உயர்த்தியது. 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியதும் அப்போதுதான். உதவித்தொகைக்கு மறுவாழ்வுப் பிரிவுத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு, இந்த ஆண்டு என்ன தொகை, எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று, பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்டது. சேர்க்கைப் பதிவேட்டில் நாட்டினம் என்ற கட்டத்தில் வகுப்பாசிரியர் பழக்க தோஷத்தில் எல்லாருக்கும் 'இந்தியன்' என்று எழுதிவிடுவார். மாற்றுச் சான்றிதழிலும் அதுவே வரும். முகாம் பதிவில் வேறு. பத்து வருஷம் கழித்து ஏதாவது ஓர் அலுவலகத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பிள்ளை பொய் சொன்னதாக ஆகிவிடும். பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதி, அப்பா பெயரின் எழுத்துக்கூட்டு, எல்லாமே இப்படித்தான். ஒன்பதாம் வகுப்பிலேயே ஒவ்வொரு பிள்ளையின் காகிதங்களையும் வரிசையாக வைத்து ஒப்பிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாவதற்கு முன்னால் திருத்துவது எளிது. அச்சான பிறகு அலைய வேண்டும்.

முடியாததை எப்போது சொல்வது என்று கேட்டீர்கள். பதினொன்றாம் வகுப்பில் பிரிவு எடுக்கும் முன். பன்னிரண்டாவது மார்க் வந்த அன்றைக்குச் சொன்னால் அது அடி. பத்தாவது லீவில், பக்கத்தில் உட்கார்ந்து, வேறு மூன்று வழியையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளை அதை வைத்து யோசிக்கும்.

---

அணைக்கரையான் எழுதியது:

அக்கா, நான் முகாம்லயே பிறந்து வளர்ந்தவன். வேற முகாம், ஆனா நம்ம பக்கம்தான். பி.காம். முடிச்சேன். இப்ப ஓசூர்ல ஒரு சின்ன யூனிட்ல கணக்குப் பார்க்கறேன். ஆறு வருஷம் ஆச்சு. அந்த அண்ணன் மாதிரியே ரெண்டு வருஷம் பெயின்ட் அடிச்சிருக்கேன். எந்த முகாமுக்குப் போனாலும் பெயின்ட் வேலை தெரிஞ்ச ஆளுங்கதான் அதிகம். ஏன்னா அதுக்கு யாரும் காகிதம் கேக்கறதில்ல, அன்னன்னைக்குக் கூலி.

உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க, நான் சொல்றேன். எங்களுக்கு வேலையில இருக்கற பெரிய கஷ்டம் வேலை கிடைக்கறது மட்டுமில்ல. செக்கிங். மாசாமாசம் முகாம்ல ஆள் இருக்கான்னு பார்த்துக் கையெழுத்து வாங்குவாங்க. அன்னைக்கு இல்லைன்னா பணக்கொடை நிக்கும். 2021க்கு அப்பறம் குடும்பத் தலைவருக்கு 1,500, மத்த பெரியவங்களுக்கு 1,000, சின்னப் பிள்ளைங்களுக்கு 500. என் பங்கு 1,000 ரூபாய் போனா போகுதுன்னு விட்டுடலாம். ஆனா பதிவு போயிட்டா? எங்க பேரு இருக்கற ஒரே நோட்டு அதுதான். அந்தப் பயம்தான் எங்க ஆளுங்களை முகாமைச் சுத்தியே வேலை தேட வைக்குது. நான் முதல் வருஷம் செக்கிங் நாளுக்கு லீவு போட்டு ஓசூர்லருந்து கிருஷ்ணகிரி வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிச்சு, கையெழுத்துப் போட்டுட்டு ராத்திரி திரும்புவேன். சூப்பர்வைசர் "மாசாமாசம் உனக்கு என்னடா வேலை ஊர்ல?"ன்னு கேட்டப்ப ஒருநாள் உக்கார வச்சு எல்லாத்தையும் சொல்லிட்டேன். அதுக்கப்பறம் அவரே ஷிப்ட் மாத்திக் குடுக்கறாரு. வெளியூர் வேலைன்னா முன்கூட்டியே எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும். அதை முகாம் தலைவர்கிட்டயும் வருவாய் ஆய்வாளர்கிட்டயும் நீங்களே பேசி ஒருதடவை முறையா செஞ்சு காட்டுங்க. ஒருத்தன் வாங்கிட்டா அடுத்தவனுக்குத் தைரியம் வரும்.

பெரிய கம்பெனியை விட்டுட்டு முதல்ல சின்ன யூனிட் போகச் சொல்லுங்க. எனக்கு வேலை குடுத்தவர் கேட்டது ரெண்டே கேள்வி. டேலி தெரியுமா, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுவியா. எங்க பிறந்தேன்னு கேக்கல. ரெண்டு வருஷ அனுபவச் சான்று கையில வந்தா அடுத்த இடத்துல பேச்சே வேற.

அந்த ஒன்பதாவது பையனுக்கு நீங்க சொன்னா ஏறாது, கோவிச்சுக்காதீங்க. ஞாயிற்றுக்கிழமை நான் வரேன். எனக்குத் தனி மெசேஜ் போடுங்க.

---

சிப்காட் ஆள் எழுதியது:

நான் ஓசூர்ல ஆள் எடுக்கற வேலையில 11 வருஷமா இருக்கேன். கம்பெனி பக்கம் என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்றேன். அந்தப் பையனை யாரும் வேணாம்னு முடிவு பண்ணியிருக்க மாட்டாங்க. முடிவே பண்ணியிருக்க மாட்டாங்க. சான்றிதழ் சரிபார்க்கற வேலையை வெளி ஏஜென்சிக்குக் குடுத்திருப்போம். அவங்க படிவத்துல 'இலங்கை'ன்னு வந்தா பாஸ்போர்ட் நம்பர், விசா நம்பர் கேக்கும். முகாம் பிள்ளைகிட்ட அது ரெண்டும் இருக்காது. கட்டம் காலியா இருந்தா ஃபைல் நிக்கும். நின்ன ஃபைலை எடுத்துக் கேக்கற பொறுமை எங்க யாருக்கும் இருக்கறதில்ல. அது எங்க பக்கத்துக் குறைதான்.

அதனால கடைசி நாள்ல அந்தக் கட்டத்தை எழுதறதுக்குப் பதிலா, முதல் நேர்முகத்துலயே ஒரு பக்கக் கடிதம் குடுக்கச் சொல்லுங்க. எந்த வருஷம் குடும்பம் வந்துச்சு, எந்த முகாம்ல பதிவு, ஆதார் இருக்கு, வங்கிக் கணக்கு இருக்கு, படிச்சது பன்னெண்டு வருஷமும் அரசுப் பள்ளி. கூடவே மத்திய அரசு 2025 செப்டம்பர்ல போட்ட விலக்கு உத்தரவோட நகல். 2015 ஜனவரி 9 வரைக்கும் இங்க வந்து பதிவு செஞ்ச இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததுக்காகத் தண்டனை கிடையாதுன்னு அதுல இருக்கு. குடியுரிமை குடுக்கற உத்தரவு இல்ல அது. ஆனா "இவனை எடுத்தா நமக்குப் பிரச்சனை வருமா?"ன்னு பயப்படற ஒரு மேனேஜருக்குக் காட்ட ஒரு காகிதம் வேணும் இல்லையா, அதுக்கு ஆகும்.

---

மனுநாள் எழுதியது:

தங்கச்சி, நான் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல சட்டத் தன்னார்வலரா இருக்கேன். எல்லாரும் வழி சொல்லியிருக்காங்க. நான் ஒண்ணு கேக்கறேன். அந்த அண்ணன் தங்கச்சியோட அம்மா எந்த ஊரு? பாட்டியைப் பத்தி எழுதினீங்க, அப்பாவும் இலங்கைன்னு புரியுது. அம்மாவைப் பத்தி ஒரு வரி இல்ல.

ஏன் கேக்கறேன்னா, இந்தியாவுல பிறந்ததுக்குச் சட்டம் மூணு காலமா பிரியுது. 1950 ஜனவரி 26லருந்து 1987 ஜூலை 1க்கு முன்னாடி வரைக்கும் இங்க பிறந்திருந்தா அப்பா அம்மா யாருன்னு பார்க்கறதில்ல, பிறப்பாலயே குடியுரிமை. 1986ல ராமேஸ்வரம் பக்கத்துல இருக்கற மண்டபம் முகாம்ல பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் குடுக்கச் சொல்லி 2022ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது இதை வச்சுத்தான். அவங்க 2024 தேர்தல்ல ஓட்டும் போட்டாங்க. 1987 ஜூலை 1லருந்து 2004 டிசம்பர் 3க்கு முன்னாடி பிறந்திருந்தா அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர் இந்தியக் குடிமகனா இருந்தா போதும். அதுக்கப்பறம் பிறந்தவங்களுக்கு ஒருத்தர் இந்தியரா இருக்கணும், இன்னொருத்தர் சட்டவிரோதமா வந்தவரா இருக்கக் கூடாது. பாஸ்போர்ட், விசா இல்லாம வந்து முகாம்ல பதிவானவங்களை அப்படித்தான் கணக்குல வைக்கறாங்க.

இலங்கையில தேயிலைத் தோட்டம் இருக்கற மலையகத்துலருந்து வந்த குடும்பமா இருந்தா கதை வேற. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இந்தியா ஏத்துக்கறதா சொன்ன 5,25,000 பேர்ல அவங்க தாத்தா பேரு இருந்துச்சான்னு தேடணும். நீங்க அந்தக் குடும்பம் திருகோணமலைன்னு சொன்னதால அதுக்குள்ள போகல.

---

பாலக்கோட்டுக்காரி எழுதியது:

அண்ணா, நீங்க கேட்டதைப் படிச்சதும் எனக்குக் கை நடுங்கிடுச்சு. அவங்க அம்மா காவேரிப்பட்டணம் பக்கத்துல ஒரு கிராமம். இங்கத்தவங்க. 1999ல கல்யாணம். முகாம் அட்டையில அப்பா பேரும் பிள்ளைங்க பேரும்தான் இருக்கு, அம்மா பேரே இல்ல. அதனால நான் எடுத்த குறிப்புலயும் அம்மா இல்ல. அட்டையைப் பார்த்தேன், அப்படியே எழுதிட்டேன். அந்தம்மா எனக்கு மூணு தடவை டீ போட்டுக் குடுத்திருக்காங்க, நீங்க எந்த ஊருங்கக்கான்னு ஒருவாட்டி கூட நான் கேக்கல.

நேத்துப் போய் உக்காந்தோம். உத்தரத்து ஆணியில ஒரு மஞ்சப்பை மாட்டியிருக்கு, அதுலதான் வீட்டுக் காகிதம் எல்லாம். ஒவ்வொண்ணா எடுத்துப் பாயில வச்சோம். மண்டபத்துல குடுத்த பதிவுச் சீட்டு, மடிச்ச இடமெல்லாம் செல்லோடேப். அடியில அம்மாவோட எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ், காவேரிப்பட்டணம் பக்கத்துப் பள்ளிக்கூட முத்திரையோட. அவங்க வாக்காளர் அட்டை. பையனோட பிறப்புச் சான்று, கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனை, 2002 மார்ச். தாய் பேரு தெளிவா இருக்கு.

அந்தப் பையன் ரொம்ப நேரம் அந்தச் சான்றையே பார்த்துட்டு இருந்தான். "அப்ப நான் அன்னைக்குக் கம்பெனியில எழுதினதே தப்பாக்கா?"ன்னு கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

அப்பறம் தங்கச்சி சான்றை எடுத்தேன். 2008 செப்டம்பர். அதே ஆஸ்பத்திரி, அதே அம்மா, அதே அப்பா. சட்டம் வேற. நான் மெதுவா சொன்னேன், இந்தத் தடவை அவசரப்படாம. அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. "அண்ணனுக்குக் கிடைச்சா அவன் எங்களை விட்டுப் போகணுமா?" இல்லம்மான்னு சொன்னேன். அண்ணா, அது சரிதானே? அவளுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?

---

மனுநாள் எழுதியது:

போகத் தேவையில்ல, சரியாத்தான் சொன்னீங்க.

பையனுக்கு: சட்டம் அவன் பக்கம் இருக்கு. ஆனா முகாம் பதிவுல இலங்கைன்னு இருக்கறதால பாஸ்போர்ட் ஆபீஸ்ல கேள்வி வரும். அதனால நேரா போயி ஃபாரம் நிரப்பிடாதீங்க. அம்மாவோட பள்ளிச் சான்று, வாக்காளர் அட்டை, அம்மாவோட அப்பா அம்மா பேர்ல இருக்கற பழைய பட்டா இல்லன்னா ரேஷன் கார்டு, கல்யாணப் பதிவு இருந்தா அது, எல்லாத்தையும் சேர்த்து முதல்ல ஒரு வக்கீல் பார்க்கட்டும். முகாம் பதிவை அவசரப்பட்டு எடுக்கச் சொல்லி யாரும் எழுதிக் குடுக்காதீங்க. ஒண்ணு கைக்கு வரும் முன்னாடி இன்னொண்ணை விடக் கூடாது.

பொண்ணுக்குக் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். ஆனா அம்மா இந்தியக் குடிமகள், பிள்ளை இங்கதான் பிறந்தா, இன்னும் பதினெட்டு ஆகல. சிறார்களைப் பதிவு மூலமா குடிமக்களா சேர்க்கறதுக்குச் சட்டத்துல தனிப் பிரிவு இருக்கு. அதுல விண்ணப்பம் போட முடியுமான்னு செப்டம்பருக்குள்ள பார்க்கணும். நிராகரிச்சாலும் அந்த நிராகரிப்பு ஒரு காகிதம், அதை வச்சு நீதிமன்றம் போகலாம். பெண்களுக்கும் சிறார்களுக்கும் சட்ட உதவி இலவசம், வருமானம் பார்க்கறதில்ல. கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு. அம்மாவையும் பொண்ணையும் கூட்டிட்டு வாங்க, பாட்டியும் வரட்டும்.

---

கரும்பலகை எழுதியது:

அம்மா, வழக்கு எத்தனை வருஷம் ஆனாலும் ஆகட்டும். கல்லூரிச் சேர்க்கைத் தேதி காத்திருக்காது. கட்-ஆஃப் போட்டீர்களா?

---

பாலக்கோட்டுக்காரி எழுதியது:

போட்டோம் சார். கணக்கும் உயிரியலும் சேர்ந்த பிரிவுதான். அவளே தாள்ல போட்டா, ரெண்டு தடவை சரிபார்த்தா. பொறியியலுக்கும் விண்ணப்பிச்சாச்சு, அரசு கலைக் கல்லூரிக்கு பி.எஸ்சி. வேதியியலுக்கும் விண்ணப்பிச்சாச்சு. தனி வட்டாட்சியர் ஆபீஸ்ல சான்று மனு குடுத்து ரசீது வாங்கிட்டோம்.

அணைக்கரையான் தம்பி சொன்ன மாதிரியே ஞாயிற்றுக்கிழமை வந்தாரு. அந்த ஒன்பதாவது பையனைத் தனியா அணைக் கரைக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு மணி நேரம் பேசினாரு. என்ன பேசினாங்கன்னு ரெண்டு பேரும் சொல்லல. பையன் திங்கக்கிழமை பள்ளிக்கூடம் போனான், செவ்வாய் போகல, புதன் போயிருக்கான். அவன் வகுப்பாசிரியர் நம்பர் வாங்கி வச்சிருக்கேன்.

நான் போனப்பறம் என்ன ஆகும்னுதான் இப்ப யோசனை. ஒன்பதாவதுலருந்து மேல படிக்கற 31 பிள்ளைங்களுக்கும் ஆளுக்கொரு ஃபைல் போட ஆரம்பிச்சிருக்கேன். பிறந்த தேதி, அப்பா ஊரு, அம்மா ஊரு, எந்தச் சான்றுல என்ன எழுத்து வித்தியாசம், எல்லாம் ஒரே பக்கத்துல. அம்மா ஊருங்கற கட்டத்தை மேலேயே வச்சிருக்கேன். 14 முடிஞ்சிருக்கு. அந்தப் பொண்ணுதான் எழுதறா, கையெழுத்து அச்சு மாதிரி. நேத்து எழுத அட்டை இல்லைன்னு பரண்லருந்து சாக்கை இறக்கி, வேதியியல் புத்தகத்தை எடுத்து மடியில வச்சுக்கிட்டா.

வர்ற புதன்கிழமை கிருஷ்ணகிரி போறோம். பாட்டியும் வராங்க. காலையில ஏழு மணி பஸ்.